இம்பால் போர்க்களச் சுற்றுலா: குன்றுக்கு மூன்று மணி நேரம், ஓடுதளத்துக்குப் பத்து நிமிடம்

இம்பாலில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் நடத்தும் ஒருநாள் போர்க்களச் சுற்றுலாவுக்குச் சென்றிருந்தேன். இரண்டாம் உலகப் போரில், 1944 மார்ச்சில் இம்பாலைப் பிடிக்க ஜப்பானிய ஜெனரல் முதாகுச்சியின் 15-ஆம் படை மூன்று டிவிஷன்களுடன் (பெரும் படைப்பிரிவுகளுடன்) புறப்பட்டபோது வீரர்களிடம் ஏறத்தாழ மூன்று வார உணவே இருந்தது என்பதையும், எதிரியின் கிடங்குகளைக் கைப்பற்றிப் பசியாறலாம் என்ற நம்பிக்கையில்தான் திட்டமே நின்றது என்பதையும் அவர் வரைபடத்தை விரித்து விளக்கிய விதம் அருமை. உணவுக்காகவும் சுமைக்காகவும் ஓட்டிவரப்பட்ட மாடுகளில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்ததைச் சொன்னபோது எங்கள் வண்டியில் யாரும் பேசவில்லை. எதிரியின் வழங்கல் பாதை நீளட்டும் என்று பிரிட்டிஷ் தரப்பின் ஜெனரல் ஸ்லிம் தம் படைகளை இம்பால் சமவெளிக்குப் பின்வாங்கச் செய்த தந்திரம், செங்குன்றின் மேல் நின்று பார்க்கையில் தெளிவாகப் புரிகிறது. குன்றடியில் 2019-இல் திறக்கப்பட்ட அமைதி அருங்காட்சியகமும் பார்க்க வேண்டியதே.

குறை ஒன்று உண்டு. வடக்கே கோகிமாவிலிருந்து இம்பாலுக்கு வரும் சாலை ஜூன் 22 வரை அடைபட்டிருக்க, முற்றுகையில் சிக்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அரிசியும் குண்டும் மருந்தும் விமானங்களில் வந்து இறங்கிய கொய்ரெங்கெய் ஓடுதளத்தில் எங்களுக்குக் கிடைத்தது பத்தே நிமிடம். என் கணிப்பில் போர் தீர்மானமானது அங்கேதான். கோகிமாவில் ஜப்பானிய டிவிஷன் தளபதி சாட்டோ உணவின்றி, உத்தரவையும் மீறித் தம் டிவிஷனைத் திருப்பியழைத்தது அதன் மறுபக்கம். முன்பதிவின்போதே அங்கு ஒரு மணி நேரம் வேண்டுமென்று கேட்டுவிடுங்கள்.