ஓபிசியா, பிபிசியா? உப்புத்தண்ணீர் இடத்தில் எது நல்லது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சன்ஷேடு அடியில் காரை உப்பிக் கம்பி தெரிந்தால், உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைத்த வேலையாகவும் இருக்கலாம். அங்கே எந்த சிமெண்ட் நல்லது? ஓபிசி என்றால் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட், பிபிசி என்றால் நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட்.

உப்பு: இறுகிய சிமெண்டின் நுண்துளைகளில் நிற்கும் ஈரம் வழியாகவே குளோரைடு ஊர்ந்து கம்பியைத் தொடுகிறது. ஓபிசியில் அந்த வழி லேசு. பிபிசியில் உள்ள நிலக்கரிச் சாம்பல், சிமெண்டில் உண்டாகும் சுண்ணாம்போடு சேர்ந்து துளைகளை நெருக்கிவிடும். கொஞ்சம் குளோரைடைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும்.

பலம்: ஓபிசி சீக்கிரம், பிபிசி நிதானம்.

கியூரிங் (கான்கிரீட்டைத் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைப்பது): ஓபிசிக்கு 7 நாள், பிபிசிக்கு 10 நாளாவது. நம்ம ஊர் வெயிலில் இதில் கை வைத்தால் பிபிசி வாங்கியதே வீண்.

அஸ்திவாரம், தண்ணீர்த்தொட்டிக்கு பிபிசிதான். சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்கணுமா, ஓபிசி. எதுவானாலும் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் போர் தண்ணீரைச் சோதியுங்கள். குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டினால் வேறு தண்ணீர் பாருங்கள்.