சங்கக் கடிதத்துக்கு வேர்ட், ஆண்டறிக்கைக்கு லேடெக்

ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்ட நலன்புரிச் சங்கத்தில் எழுத்து வேலை என்றால் பிரதேச செயலகத்துக்குக் கடிதம், கூட்ட அறிவித்தல், சந்தா ரசீது, வருஷக் கடைசியில் கணக்கோடு ஆண்டறிக்கை. இதற்கு வேர்ட் போதுமா, கணிதக்காரர்களின் லேடெக் (LaTeX: எழுத்தோடு கட்டளைகளையும் தட்டிக்கொடுத்தால் பக்கத்தைத் தானே அமைத்துத் தரும் மென்பொருள்) வேண்டுமா? அந்தக் கோப்பை அடுத்து யார் திறக்கப் போகிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கடிதம் என்றால் வேர்ட்தான். தலைவர் ஒரு வரியை மாற்றச் சொல்வார், செயலாளர் டவுனில் கொமியூனிகேஷன் கடையிலேயே திருத்தி அச்செடுப்பார். அங்கே லேடெக் இருக்காது. தமிழோடு சிங்களமும் வந்தால் வேர்ட் தானாகவே எழுத்துருவை மாற்றிக்கொள்ளும். லேடெக்கில் சிங்களத்துக்குத் தனி எழுத்துரு சொல்லிவைக்க வேண்டும். மறந்தால் அந்த இடம் வெறுமையாகவோ கட்டமாகவோ அச்சாகும், எச்சரிக்கை, மென்பொருள் தன் வேலையைப் பதிந்துவைக்கும் லொக் கோப்புக்குள் கண்ணில் படாமல் கிடக்கலாம். லேடெக்கில் % குறி இன்னும் மோசம். "5% கழிவு போக மீதி" என்று அப்படியே தட்டினால், குறிக்குப் பிறகு அந்த வரியில் உள்ளதெல்லாம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். குறிக்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். ஊர்ப் பணத்துக்குக் கணக்கு எழுதுகிறவர் இதைத் தெரிந்துவைத்தே ஆக வேண்டும்.

ஆண்டறிக்கை வேறு கதை. வேர்ட்டிலும் தானாக உருவாகும் பொருளடக்கம் உண்டு. ஆனால் பலர் அதைப் புள்ளி வைத்துக் கையால்தான் தட்டுகிறார்கள். நடுவில் ஒரு அட்டவணை கூடினால் பக்க எண்ணெல்லாம் பிழைத்துப்போகும். லேடெக்கில் அந்தக் கவலை இல்லை. போன வருஷக் கோப்பில் விபரங்களை மாற்றினால் அறிக்கை அதே உருவில் வந்துவிடும். கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1978இல் வெளியிட்ட டெக் (TeX) என்ற அச்சமைப்பு மென்பொருள்தான் இதன் அடிப்படை. அது பத்தி முழுவதையும் பார்த்து வரிகளை முறிப்பதால், நம் நீளச் சொற்களுக்கு இடையிலும் இடைவெளி ஓரளவு சீராக நிற்கும்.

தமிழுக்கு, லேடெக்கின் யுனிகோட் வடிவங்களான ஸீலேடெக் (XeLaTeX) அல்லது லுவாலேடெக்கை (LuaLaTeX) எடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் டைப்ஸ்ட் (Typst). லேடெக் போலவே கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கும் புது மென்பொருள், 2023இல் திறந்த மூலமாக வந்தது. லேடெக்கை நிறுவ உதவும் டெக் லைவ் (TeX Live) முழுத் தொகுப்பு பல ஜிகாபைட். மொபைல் டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் அதை இறக்குவது பெரும்பாடு. டைப்ஸ்ட் மிகச் சிறியது, பிழை எங்கே என்று தெளிவாகவும் சொல்லும். அங்கத்தவர் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாகக் கொடுத்தால் அதை நேரடியாக வாசித்து ஒவ்வொருவருக்கும் ரசீது போட்டுத் தரும். பதிப்புக்குப் பதிப்பு கட்டளைகள் இன்னும் மாறுவதுதான் குறை. ஏற்கெனவே லேடெக்கில் அறிக்கை வைத்திருக்கும் சங்கம் மாறத் தேவையில்லை; புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு நான் டைப்ஸ்டைத்தான் காட்டுவேன்.