பிளஸ் ஒன் பிள்ளைக்கு நிரலாக்க மென்பொருள் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

திண்டுக்கல்லில் கோடைக் கண்காட்சிக்கு மறுபடியும் பேனர் கட்டிவிட்டார்கள். போன ஆண்டு, 2024 மே மாதம், அதே போன்ற ஒரு கண்காட்சியில் 14,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு இந்த மாதம் அங்கே போகிற பெற்றோர் யாராவது ஒருவரின் கண்ணில் இது பட்டால்கூடப் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகள் பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் பிரிவு எடுப்பதாக முடிவு செய்திருந்தாள். வீட்டில் ஏழு வருடப் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. கண்காட்சியில் ஒரு ஸ்டாலில், ‘வீட்டுக் கணினிக்கான புத்தம் புதிய நிரலாக்கச் சூழல்’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அங்கிருந்த பையன் மகளை நாற்காலியில் உட்கார வைத்து, ஆறேழு வரிகளைத் தட்டச்சு செய்யச் சொன்னான். திரையில் ஒரு சின்ன அம்புக்குறி சுழன்று சுழன்று வண்ணப் பூவொன்றை வரைந்தது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்தத் தாய்க்கும் மறுக்க மனம் வராது.

“பைத்தான், சி பிளஸ் பிளஸ் என்ற இரண்டு நிரல் மொழிகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன, மேடம். பாடத்திட்டத்துக்கென்றே எங்கள் நிறுவனம் உருவாக்கியது. வாழ்நாள் உரிமம். வெளியே 24,000 ரூபாய். கண்காட்சி முடிகிற வரைதான் இந்த விலை” என்றான்.

உடனே வாங்கிவிடவில்லை. இரண்டு நாள் யோசித்தோம். என் கணவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். “முதலில் பாடப்புத்தகத்தில் எந்த மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்கு” என்றார். பள்ளி திறந்தால்தானே புத்தகம் கிடைக்கும், அதற்குள் கண்காட்சி முடிந்துவிடுமே என்று நான் சொன்னேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அன்று பத்து நிமிடம் தேடியிருந்தால் 14,800 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

பெட்டிக்குள் ஒரு பென்டிரைவ், ஒரு மெல்லிய புத்தகம், ஆக்டிவேஷன் கீ அச்சிட்ட அட்டை ஆகியவை இருந்தன. முதல் நாளே ஒரு தொல்லை தெரிந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த மென்பொருள் இணையத்தில் உரிமத்தைச் சரிபார்க்கிறது. இணையம் இல்லாத நேரத்தில் அது திறக்காது. இருந்தாலும் மகள் பழகிக்கொண்டாள். ஜூனில் புத்தகம் கையில் வந்தபோது, சி பிளஸ் பிளஸ் பாடத்தில் தேவ் சி பிளஸ் பிளஸ் என்ற மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்படியாக விளக்கியிருந்தார்கள். அது இலவசம். பிளஸ் டூ புத்தகத்திலோ பைத்தானுடன் சேர்ந்தே வருகிற ஐடில் என்ற சாளரத்தில் பாடம் நடத்துகிறார்கள். அதற்கும் ஒரு பைசா கிடையாது. எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனாலும், நாம் வாங்கியது இன்னும் நல்லதாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அரையாண்டு விடுமுறையில் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் என் மைத்துனர் மகன் வந்திருந்தான். அவன் எழுதிய சிறிய பைத்தான் நிரல் ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தான். அது ஓடவில்லை, ‘மேட்ச்’ என்ற சொல் வருகிற வரியில் பிழை என்றது. அந்தக் கட்டளை 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10-இல்தான் சேர்க்கப்பட்டது என்று அவன் சொன்னான். “அப்படியானால் இதற்குள் இருப்பது எந்தப் பதிப்பு, சித்தி?” என்று கேட்டுவிட்டு இரண்டு வரி எழுதிப் பார்த்தான். 3.7 என்று வந்தது. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஜூனிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. அதாவது, ‘புத்தம் புதியது’ என்று எங்களிடம் விற்றபோதே, உள்ளே இருந்தது கைவிடப்பட்டுப் பதினோரு மாதமான சரக்கு.

பிறகு அவன் மென்பொருள் நிறுவப்பட்ட கோப்புறையைத் திறந்து காட்டினான். எல்லாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் அதே பைத்தான், சி பிளஸ் பிளஸ் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருகிற அதே ஜிசிசி கம்பைலர். மேலே வண்ணம் பூசிய ஒரு சாளரம் மட்டும்தான் இவர்களுடையது. கண்காட்சியில் பூ வரைந்து காட்டினார்களே, அது பைத்தானுடனேயே வருகிற ‘டர்ட்டில்’ என்ற பகுதியின் வேலை. 1967-இல் குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்ட லோகோ மொழியில் கட்டளைக்கேற்ப நகர்ந்து கோடு வரைகிற ஆமையிலிருந்து பிறந்த யோசனை அது. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துப் பிள்ளைகளுக்குப் பொதுவாக இருந்துவரும் ஒன்றைத் தங்கள் கண்டுபிடிப்பாகக் காட்டி, என் பிள்ளையின் ஆசையைக் காசாக்கிவிட்டார்கள். பணத்தைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இலவச மென்பொருளை விலைக்கு விற்பது சட்ட விரோதம் அல்ல. பைத்தானின் உரிமமும் ஜிசிசியின் உரிமமும் அதை அனுமதிக்கின்றன. “உள்ளே இருப்பது இலவசம், நிறுவித் தருவதற்கும் சொல்லித் தருவதற்கும் இவ்வளவு” என்று சொல்லியிருந்தால் நான் மனமாரக் கொடுத்திருப்பேன். அவர்கள் அதைச் சொல்லவில்லை. ‘எங்கள் நிறுவனம் உருவாக்கியது’ என்றார்கள்.

இதற்குப் பிறகாவது மாற்றியிருக்கலாம். மகளுக்குப் பழகிப்போயிருந்ததால் விட்டுவிட்டோம். மார்ச் மாதம் ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கியது. மெக்கானிக் கோப்புகளையெல்லாம் பத்திரமாகப் பென்டிரைவில் எடுத்துக்கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற புது வகைச் சேமிப்பகத்தை மாட்டித் தந்தார். மென்பொருளை மறுபடி நிறுவி ஆக்டிவேஷன் கீயைப் போட்டால், ‘இந்தக் கீ வேறு கணினியில் பயன்படுத்தப்பட்டுவிட்டது’ என்று வந்தது. தொலைபேசியில் கேட்டோம். ஹார்ட் டிஸ்க் மாறினால் அவர்கள் கணக்கில் அது வேறு கணினியாம். வாழ்நாள் உரிமம் என்றால் அந்த ஹார்ட் டிஸ்க்கின் வாழ்நாளாம்! புதிய கீக்கு 3,600 ரூபாய் கேட்டார்கள்.

அப்போதுதான் பெரிய அடி விழுந்தது. மகள் எழுதியிருந்த 31 நிரல்களும் பென்டிரைவில் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்த மென்பொருள் அவற்றைத் தன் சொந்தக் கோப்பு வடிவத்தில் சேமித்து வைத்திருக்கிறது. நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகள்தான் வருகின்றன. பைத்தான் நிரலோ சி பிளஸ் பிளஸ் நிரலோ இயல்பில் வெறும் எழுத்துக்கோப்பு. எந்தக் கணினியிலும் திறக்கும். அதை வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் மறுபடி பணம் கட்டியே தீர வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அந்த 31-இல் ஒன்று, அப்பாவின் கடைக்காக அவள் எழுதியது. செப்புக் கம்பியின் எடையும் அன்றைய விலையும் கொடுத்தால் கூலியோடு சேர்த்து பில் தொகை சொல்லும். அவர் தினமும் இரவில் அதில்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பள்ளியின் கணினி ஆசிரியை இதைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். 1983-இல் டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்க மென்பொருள் சுமார் 50 டாலருக்கு வந்தபோது, மற்ற கம்பைலர்களின் விலையோடு ஒப்பிட்டு உலகமே அதை மலிவு என்றதாம். விலை கொடுத்து வாங்குவதைத் தவிர அன்று வேறு வழி பெரிதாக இல்லை. இன்று பள்ளிப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய எதற்குமே விலை கிடையாது. தொடக்க நிலைக்கென்றே எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தோனி (Thonny) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பைத்தானையும் சேர்த்தே நிறுவிவிடும். பழைய கணினியிலும் ஓடும். இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் என்ற இலவச மென்பொருள் போதும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே அதற்குப் பாடம் இருக்கிறது. என் மகள் படித்ததுதான், எனக்குத்தான் நினைவுக்கு வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவருக்கு விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், ஸ்டாலிலேயே, அவர்கள் கண் முன்னால், ஒரு நிரலை எழுதிச் சேமித்து, அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து காட்டச் சொல்லுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். கணினியைப் பழுது பார்த்தால் கீ என்னவாகும் என்பதை பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். இந்த மூன்றில் எதற்குத் தயங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள். ‘கண்காட்சி முடிகிற வரைதான்’ என்ற விலைக்காக நான் அவசரப்பட்டேன். பக்கத்து ஊர்க் கண்காட்சியிலும் அதே விலைக்குத்தான் விற்றார்கள் என்று பிறகு தெரியவந்தது.

எங்களைப் போல ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அந்தப் பெட்டியையும் துண்டறிக்கையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘வாழ்நாள் உரிமம்’ என்று அச்சிட்ட அந்தத் தாள்தான் எங்கள் கையில் இருக்கும் முக்கியமான சான்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் பதிந்தோம். கீயைப் பயன்படுத்திவிட்டதால் பணம் திரும்பத் தர முடியாது என்று நிறுவனம் பதில் அனுப்பியது. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்திருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். எங்களுக்குத் தந்தது பில் இல்லை, வெறும் மதிப்பீட்டுச் சீட்டு. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்பதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம்.

மகள் இப்போது தோனியில் எழுதுகிறாள். கையெழுத்து நோட்டிலிருந்து 19 நிரல்களை மறுபடி தட்டச்சு செய்துவிட்டாள். அப்பாவின் பில் கணக்கு நோட்டில் இல்லை. இருவரும் உட்கார்ந்து அதை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.