கருவாடு வாங்க: காராமணிக்குப்பம் சந்தையா, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டா?

புதுச்சேரியில் இருந்துகொண்டு கருவாட்டுக்காகக் கடலூர்ப் பக்கம் போவதை எங்கள் வீட்டிலேயே கிண்டல் செய்வார்கள். நேரு வீதியில் பெரிய மார்க்கெட் இருக்கும்போது இருபது கிலோமீட்டருக்கு மேல் போவானேன்? இரண்டு இடத்திலும் வாங்கிச் சமைத்துப் பார்த்த பிறகு, மாதக்கணக்கில் வைத்துத் தின்னும் கருவாட்டை நான் வாங்குவது காராமணிக்குப்பம் வாரச்சந்தையில்தான்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பெரிய மார்க்கெட் தினமும் உண்டு. நூறு கிராம் கேட்டாலும் தருவார்கள். குழம்புக்கு வேண்டிய மொச்சையும் கத்தரிக்காயும் அங்கேயே கிடைத்துவிடும். சந்தையோ திங்கட்கிழமை மட்டும்தான், வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதான நாளே இல்லை. கடலூரில் இறங்கி, நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போகும் பஸ் பிடிக்க வேண்டும். வசதி என்று பார்த்தால் போட்டியே கிடையாது, மார்க்கெட்தான்.

ஆனால் கருவாட்டில் பார்க்க வேண்டியது எவ்வளவு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்பதைத்தான். பச்சை மீனில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அது எவ்வளவு வெளியேறியிருக்கிறது என்பதில்தான் விலையும் ஆயுளும் இருக்கின்றன. அரைகுறையாகக் காய்ந்தது எடையில் தூக்கலாக நிற்கும். கிலோவுக்கு ஐம்பது ரூபாய் குறைவு என்று சந்தோஷப்பட்டால், காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். சீக்கிரமே பூசணமும் பிடித்துவிடும். அதனால் இரண்டு இடத்து விலையை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒடித்துப் பாருங்கள். நெத்திலி 'டக்'கென்று முறிய வேண்டும், வளைந்தால் வேண்டாம். சுறா, பன்னா போன்ற உப்புக் கருவாட்டில் நடுமுள் ஓரத்துத் தடித்த சதையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மத்தி மாதிரி எண்ணெய் மீன் மஞ்சளடித்திருந்தால் சிக்கு வாடை வரும். உள்ளங்கையில் தேய்த்தால் மணலும் தெரிந்துவிடும். மணலில் உலர்த்தியதைக் கழுவிக் கழுவியே கை ஓய்ந்துபோகும்.

சந்தையில் இந்தச் சோதனை சுலபம். பக்கத்துப் பக்கத்தில் குவியல்கள் இருப்பதால் ஒன்றில் ஒடித்து, அடுத்ததில் ஒடித்து ஒப்பிடலாம். அங்கே ஜனங்கள் கிலோக்கணக்கில் வாங்கி மாதக்கணக்கில் வைப்பவர்கள், அதனால் வியாபாரிகளும் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்துக் கொண்டுவருகிறார்கள். நாளைய குழம்புக்கு வாங்குகிறவருக்கு லேசான ஈரம் ஒரு பொருட்டில்லை, ஆகவே மார்க்கெட்டில் அதுவும் விலைபோகிறது. இது என் ஊகம்தான், ஆனால் ஒடித்துப் பார்த்த அனுபவம் இதோடு ஒத்துப்போகிறது.

காலமும் முக்கியம். மாசி, பங்குனி வெயிலில் காய்ந்ததுதான் வைத்துக்கொள்ள ஏற்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, மீன் விலை ஏறும், எல்லோரும் கருவாட்டுப் பக்கம் திரும்புவார்கள். அதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. ஆடிக் கூழுக்கும் கைவசம் இருக்கும். புரட்டாசி முடிந்ததும் வரும் சந்தையில் கூட்டம் தாங்காது, நிதானமாக ஒடித்துப் பார்க்க விடமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் சந்தைப் பக்கமே போவதில்லை. அப்போது பெரிய மார்க்கெட்டில் நூறு, இருநூறு கிராம் வாங்கி உடனே சமைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சென்னாக்குன்னி என்கிற பொடி இறால் கருவாடு எங்கே வாங்கினாலும் ஒன்றுதான், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வஞ்சிரத் துண்டு விஷயத்தில் என் பேச்சை முழுசாக நம்ப வேண்டாம், அந்த விலைக்கு நான் அதிகம் வாங்கியதில்லை. என் மாமியார் பல வருஷமாகப் பெரிய மார்க்கெட்டில் ஒரே அக்காவிடம்தான் அதை வாங்குகிறார், ஒருநாளும் குறை சொன்னதில்லை. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டை ஒடித்துப் பார்க்க முடியாது, அதனால் அது என் கணக்கிலேயே இல்லை.

எங்கே வாங்கினாலும் ஒரு நாள் மொட்டைமாடியில் மறுபடி காயவைத்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சந்தையிலிருந்து பஸ்ஸில் திரும்புவதானால் இரண்டு கவர் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஒரு கவர் என்றால் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே பையைப் பார்த்து முறைப்பார்.