ஆம்பளைங்க பருவுக்கு ஹார்மோன் பிளாக்கர்: ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையா, கிளாஸ்கோடெரோன் க்ரீமா?

34 வயசுல பரு வந்தா யாரும் பாவம்கூட படமாட்டாங்க. "உடம்பு சூடுடா, சனிக்கிழமை எண்ணெய் தேச்சு குளி"ன்னு அம்மா ஃபோன்ல சொல்றதோட முடிஞ்சுது. எனக்கு தாடை ஓரமா, ஷேவ் பண்ற இடத்துலயே தொட்டா வலிக்கிற கட்டி கட்டியா வரும். நியூஜெர்சிக்கு வந்ததுல இருந்து அடாபலீன், பென்சாயில் பெராக்சைடுன்னு மாத்தி மாத்தி பூசி தலகாணி உறை எல்லாம் வெளுத்துப்போனதுதான் மிச்சம்.

என் வைஃபுக்கு பிசிஓடி. ஊர்ல டாக்டர் ஸ்பைரோனோலாக்டோன் எழுதிக்குடுத்து சில மாசத்துல அவ முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. ஒரே பாத்ரூம், ஒரே கண்ணாடி, மாத்திரை டப்பா கண்ணு முன்னாடியே இருக்கு, எடுத்து முழுங்க ஆரம்பிச்சுட்டேன், தினம் 50 மில்லிகிராம், யார்கிட்டயும் சொல்லாம. தயவுசெஞ்சு இந்த கிறுக்குத்தனத்தை யாரும் பண்ணாதீங்க.

இந்த மாத்திரையும், நான் அப்புறம் மாறின கிளாஸ்கோடெரோன் க்ரீமும் பண்ற வேலை ஒண்ணுதான். டெஸ்டோஸ்டெரோன்ங்கிற ஆண் ஹார்மோன் தோல்ல டிஹெச்டிங்கிற இன்னும் வீரியமான ஹார்மோனா மாறி, எண்ணெய் சுரப்பில இருக்கிற ரிசப்டர்ல போய் உக்காந்து எண்ணெயை கூட்டுது. அந்த சீட்டை இந்த மருந்து முன்னாடியே பிடிச்சுக்குது, அவ்ளோதான். வித்தியாசம் எந்த ஊர் பஸ்ல சீட்டு பிடிக்குதுங்கறதுலதான்.

மாத்திரை உடம்பு பூரா பிடிக்கும். பொம்பளைங்களுக்கு பருவுக்குன்னு 50லேர்ந்து 200 மில்லிகிராம் வரைக்கும் குடுக்கறாங்க, நல்லாவே கேக்குது. ஆம்பளைங்களுக்கு டாக்டருங்க எழுத மாட்டேங்கறாங்கன்னா அது சும்மா பயம் இல்ல. இது உண்மையில ஹார்ட்டுக்கும் பிரஷருக்கும் குடுக்கிற நீர் மாத்திரை. 1999ல வந்த ரேல்ஸ்ங்கிற ஹார்ட் ஃபெயிலியர் ஆய்வுல சராசரியா 26 மில்லிகிராம்தான் குடுத்தாங்க, அதுக்கே ஆம்பளைங்கள்ல 100க்கு 10 பேருக்கு மார்பு வீக்கமோ வலியோ வந்துச்சு, டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 100க்கு ஒருத்தருக்குத்தான். நான் அதோட ரெண்டு மடங்கு முழுங்கிட்டு இருந்தேன்.

எண்ணெய் வழியறது குறைஞ்சுது, அதை மறைக்க மாட்டேன். ஆறாவது வாரம் இடது பக்க காம்புக்கு அடியில ஒரு பட்டாணி மாதிரி, டீஷர்ட் உரசினாலே சுருக்குன்னு இருந்துச்சு. சீட் பெல்ட் போட்டா உயிர் போகும். ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் வேற, படுக்கையிலிருந்து சட்டுன்னு எழுந்தா தலை சுத்தும். இன்னொரு விஷயத்துல ஆர்வமே போச்சு, அது மருந்தா இல்ல பயமான்னு எனக்கு பிரிச்சு சொல்ல தெரியல. கடைசியில வைஃப்கிட்ட மாட்டினேன், மாத்திரை எண்ணிக்கை இடிச்சுது. "ஏங்க, பாத்ரூம்ல இருந்தா பல்லு விளக்கற பேஸ்ட்டாங்க அது"ன்னு கேட்டா, பதில் இல்ல. நிறுத்தின பிறகு அந்த கட்டி கரைய நாலு மாசம் ஆச்சு. பெரும்பாலும் சரியாயிடும்னு டாக்டர் சொன்னாங்க, ஆனா எல்லாருக்கும் முழுசா போயிடும்னு உறுதி குடுக்கல. போதாக்குறைக்கு இது பொட்டாசியத்தை உடம்புலயே பிடிச்சு வைக்கும், வீட்ல அப்பா மாதிரி டெல்மிசார்ட்டன்ங்கிற பிரஷர் மாத்திரை போடறவங்க சேத்து போட்டா சிக்கல், நான் வேற அந்த ரெண்டு மாசமும் பொட்டாசியம் நிறைஞ்ச இளநீரை பாட்டில் பாட்டிலா குடிச்சு தள்ளினேன்.

இப்ப க்ரீம். கிளாஸ்கோடெரோன் 1%, வின்லெவிங்கிற பேர்ல 2020 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கிற எஃப்டிஏ ஒப்புதல் ஆச்சு, 12 வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஆண் பெண் ரெண்டு பேருக்கும். நான் எடுத்தது இதைத்தான், ஒரே காரணத்துக்காக: தோல்ல வேலை செஞ்சுட்டு, ரத்தத்துக்குள்ள போற கொஞ்சநஞ்சமும் கோர்டெக்ஸோலோன்னு பெருசா வேலை செய்யாத ஒரு பொருளா சீக்கிரமே உடைஞ்சு போயிடுது. மார்பு இருக்கிற இடத்துக்கு சேதி போகாது. ஒரு ஆம்பளைக்கு இதைவிட வேற என்ன வேணும், விலை, வாசனை, பிசுபிசுப்பு எல்லாம் அப்புறம்தான். முழுக்க சுத்தம்னும் சொல்ல முடியாது, ரொம்ப அதிக அளவுக்கு பூசி பாத்த டெஸ்ட்ல 42 பேர்ல 3 பேருக்கு கிட்னி மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி மந்தமாச்சு, நிறுத்தி நாலு வாரத்துல சரியாச்சு. அதனால கெட்டியா அப்பக்கூடாது, மெல்லிசா காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு.

ஏழு மாசமா பூசறேன். மார்புல ஒண்ணும் இல்ல, ஆர்வமும் பழையபடி. முதல் மூணு வாரம் முகம் கொஞ்சம் செவந்து உரிஞ்சுது, எட்டாவது வாரம் வரைக்கும் பெருசா எதுவும் தெரியல, நடுவுல விட்டுடலாமான்னு கூட இருந்துச்சு. இப்ப கட்டி மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான். ஆனா என்னை வெச்சு எடை போடாதீங்க, பெரிய ரெண்டு ஆய்வுலயும் 12 வாரத்துல முகம் கிட்டத்தட்ட தெளிவானவங்க 100க்கு 18லேர்ந்து 20 பேர்தான், மருந்தில்லாத க்ரீம் பூசினவங்கள்ல 6லேர்ந்து 9 பேர். ரெண்டு மடங்குக்கு மேலதான், ஆனா மந்திரம் இல்ல. இன்னொரு கடுப்பு, ட்யூப்பை தொறந்தா ஒரு மாசத்துல தூக்கிப்போடணும்னு எழுதியிருக்கு. இன்சூரன்ஸ் ஒத்துக்காத முதல் தடவை கவுண்டர்ல பல நூறு டாலர் சொன்னாங்க, ட்யூப்பை அங்கேயே வெச்சுட்டு திரும்பி வந்துட்டேன், அப்புறம் டாக்டர் ஆஃபீஸ்லேர்ந்து ரெண்டு தடவை ஃபேக்ஸ் போன பிறகுதான் கைக்கு வந்துச்சு.

முடிக்கு ஃபினாஸ்டெரைடு போடறேனே, அதுவே பருவுக்கும் போதாதான்னு ஆஃபீஸ்ல ஒரு தம்பி கேட்டான். போதாது, டெஸ்டோஸ்டெரோனை டிஹெச்டியா மாத்தற என்சைம்ல ரெண்டு வகை இருக்கு, அது முக்கியமா தடுக்கறது டைப் 2வை, எண்ணெய் சுரப்பில இருக்கறது பெரும்பாலும் டைப் 1. ஜிம்ல ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கிட்டு பரு வர்றவங்களுக்கு எந்த பிளாக்கரும் வேண்டாம், ஊசியை நிறுத்துனாலே பாதி தீரும்.

முதுகு மட்டும் அப்படியே இருக்கு. அவ்ளோ இடத்துக்கு பூச 60 கிராம் ட்யூப் ஒரு வாரம் தாங்குமா தெரியல, வைஃபைதான் பூசிவிட சொல்லணும், அவ கிடைச்சது சாக்குன்னு அந்த மாத்திரை கதையை எடுத்துடுவா. அதுக்கு ஐசோட்ரெட்டினோயின்ங்கிற பரு மாத்திரை கோர்ஸ் பாக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, இங்க அதுக்கு ஆம்பளையா இருந்தாலும் ஐபிளெட்ஜ்ங்கிற அந்த மருந்தோட பாதுகாப்பு திட்டத்துல பேர் பதியணுமாம், அடுத்த மாசம் கொலஸ்ட்ரால் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்தோட வரச்சொல்லியிருக்காங்க.