எவரெஸ்ட் பாதையில் முதல் ராத்திரி எங்கே? பாக்டிங், மொஞ்சோ, நாம்சே: ஓர் ஒப்பீடு

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு முதல்முறையாகப் போகிறவர்கள் ஷூ, ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் என்று மாதக்கணக்கில் தேடித் தேடி வாங்குகிறார்கள். முதல் நாள் எந்த ஊரில் படுப்பது என்பதை மட்டும், விமானத்தில் போய் நடையைத் தொடங்கும் ஊரான லுக்லாவில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். மீதிப் பயணம் எப்படி அமையும் என்பதில் ஜாக்கெட்டைவிட இந்த முடிவுக்குப் பங்கு அதிகம். முதல் நாள் உடம்பைக் கெடுத்துக்கொண்டால், அதைச் சரிசெய்ய உதவும் ஆக்சிஜன் மேலே போகப் போகக் குறைந்துகொண்டேதான் வரும்.

முதலில் உயரங்கள். காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர். லுக்லா 2,860. அங்கிருந்து பாதை முதலில் இறங்குகிறது: எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாக்டிங் 2,610 மீட்டர்தான். இன்னும் ஐந்து கிலோமீட்டர் போனால் மொஞ்சோ, 2,835. அதற்கு மேல் ஜோர்சாலே வழியாக ஒரு பெரிய ஏற்றம் ஏறினால் நாம்சே பஜார், 3,440. புதியவர் நடையில் பாக்டிங்குக்கு மூன்று மணி நேரம், அங்கிருந்து மொஞ்சோவுக்கு இரண்டிலிருந்து இரண்டரை, மொஞ்சோவிலிருந்து நாம்சேக்கு மூன்றிலிருந்து நான்கு.

நாம்சே: முதல் நாளில் வேண்டாம்

"காலை ஏழரைக்கே இறங்கிட்டோம், ஒரே மூச்சில் நாம்சே போயிடலாம், ஒரு நாள் மிச்சமாகும்" என்று கணக்குப் போடுகிறவர்கள் எப்போதும் உண்டு. கால் பலம் இருந்தால் அன்றைக்கே போய்விட முடியும் என்பது உண்மைதான். ஆனால் காலையில் 1,400 மீட்டரில் கண் விழித்தவர் அன்று இரவு 3,440 மீட்டரில் படுக்கிறார், அதாவது ஒரே நாளில் 2,040 மீட்டர். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடல் மட்டத்தில் இருந்துவிட்டு இரண்டு நாள் முன்பு கிளம்பி வந்த உடம்புக்கு இது இன்னும் கடுமை.

மலை நோய் ஏறும்போது தெரியாது என்பதுதான் இதில் ஏமாற்றுகிற விஷயம். உயரத்துக்கு வந்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை எல்லாம் தலைகாட்டும். மாலை நாலு மணிக்கு நாம்சே கடைத்தெருவில் சிரித்துக்கொண்டே படம் எடுத்தவர் ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி எடுப்பார். பிறகு நாம்சேயிலேயே இரண்டு நாள் படுக்கை. மிச்சம் பிடித்த ஒரு நாளோடு இன்னொன்றும் சேர்ந்து போகும். டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டு இந்த ஒரே நாள் ஏற்றத்தை நியாயப்படுத்துவதும் தவறு. அந்த மாத்திரை உடம்பு பழகுவதற்குத் துணை செய்யும், அவ்வளவுதான். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

பாக்டிங்கா, மொஞ்சோவா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். பெரும்பாலான ஏஜென்சித் திட்டங்களில் பாக்டிங்தான் இருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. விமானம் தாமதமானாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். லாட்ஜுகள் நிறைய, முன்பதிவு இல்லாமலும் பெரும்பாலும் அறை கிடைக்கும். தூங்கும் உயரம் லுக்லாவைவிடக் குறைவு, அதனால் முதல் இரவுத் தூக்கம் நன்றாக வரும். மூன்று மணி நேர நடையில் ஷூ எங்கே கடிக்கிறது, பையின் எந்தப் பட்டை தோளை அறுக்கிறது என்று தெரிந்துகொண்டு சரிசெய்துகொள்ளலாம்.

பாக்டிங்கின் குறை மறுநாள்தான் தெரியும். அங்கிருந்து நாம்சே ஐந்திலிருந்து ஆறரை மணி நேரம். கணக்குக்கு 830 மீட்டர் ஏற்றம் என்றாலும், நடுவே இறங்கி இறங்கி ஏறுவதால் கால் அதைவிட அதிகம் ஏறியிருக்கும். இந்தப் பாதையின் முதல் கடினமான ஏற்றம், தூத்கோசி ஆற்றின் மேல் உயரத்தில் தொங்கும் ஹிலாரி பாலத்துக்கு அப்புறம் வருகிறது. பாக்டிங்கிலிருந்து கிளம்பியவர்கள் நாலு மணி நேரம் நடந்த களைப்போடு, நண்பகல் வெயிலில் அதன் அடியில் வந்து நிற்பார்கள். ஜோர்சாலேக்கு அப்புறம் நாம்சே வரை லாட்ஜோ சாப்பாட்டுக் கடையோ கிடையாது. அங்கே தண்ணீர் தீர்ந்துபோய், பசியோடு, வேகமும் குறைந்து மாலையில் ஊர் சேர்கிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

மொஞ்சோவில் படுத்தால் இந்தச் சுமை இரண்டு நாளுக்கும் சமமாகப் பிரிகிறது. முதல் நாள் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், மறுநாள் மூன்றிலிருந்து நான்கு. சகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவாயில் ஊரைத் தாண்டியதும் இருக்கிறது. பாக்டிங்கிலிருந்து வரும் கூட்டம் வந்து சேருவதற்குள் அனுமதிச் சீட்டு வாங்கிவிடலாம். சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாயும் அதன்மேல் 13 சதவீத வரியும்; மற்ற வெளிநாட்டவருக்கு இரட்டிப்பு. இந்தியர்கள் அடையாளத்தைக் காட்டாவிட்டால் இந்தச் சலுகை கிடைக்காது, ஆகவே பாஸ்போர்ட் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். காலைக் குளிரிலேயே பெரிய ஏற்றத்தை முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு நாம்சே சேர்ந்து, நல்ல அறை பிடித்து, பாதி நாள் சும்மா உட்காரலாம். உயரத்துக்குப் பழக அந்தப் பாதி நாள் மிக நல்லது.

மொஞ்சோவுக்கு இரண்டு நிபந்தனை. லாட்ஜுகள் குறைவு, அக்டோபரிலும் ஏப்ரலிலும் மதியத்துக்குள் நிரம்பிவிடும்; முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இரண்டாவது, நேரம். லுக்லாவை விட்டுக் காலை ஒன்பதரைக்குள் கிளம்ப முடிந்தால்தான் மொஞ்சோ சரி. அதற்குப் பிறகு கிளம்பி அவசரமாக ஓடுவதற்குப் பாக்டிங்கே மேல். இரண்டுக்கும் நடுவே பெங்கார் என்ற சின்ன ஊர் இருக்கிறது. பாக்டிங்கில் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாகக் கிளம்பி, வழியில் கால் சொன்னபடி கேட்காவிட்டால் அங்கேயே தங்கிவிடலாம்.

முடிவைச் சொல்வது கடிகாரம்

லுக்லா ஓடுபாதை 527 மீட்டர் நீளம்தான், அதுவும் சரிவு. மதியத்துக்கு மேல் காற்றும் மேகமும் சேர்ந்தால் விமானம் வராது. அதனால்தான் எல்லோரும் காலை முதல் விமானத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். இறங்கி, பையை வாங்கி, டீ குடித்து, போர்ட்டரிடம் சுமையைக் கட்டிக் கொடுத்து, உள்ளூர் ஊராட்சி அனுமதியும் வாங்கிக் கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எட்டே காலுக்கு முன்னால் இறங்கினால் மொஞ்சோ. அதற்குப் பிறகு, பதினொன்றரை மணி வரை இறங்கினால் பாக்டிங். அதற்கும் பிறகு இறங்குகிறவர்கள் லுக்லாவிலேயே படுத்துவிட்டு விடியற்காலையில் நேராக மொஞ்சோவுக்கு நடப்பது நல்லது. அக்டோபர் கடைசியில் ஐந்தரைக்கே இருட்டும். பள்ளத்தாக்கில் வெயில் அதற்கும் வெகு முன்பே மறைந்துவிடும்.

இந்தக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது ராமேச்சாப். கூட்டம் அதிகமுள்ள மாதங்களில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலி விமான நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. அதற்காக நள்ளிரவு ஒன்று, இரண்டு மணிக்கு வண்டி ஏறி, வளைந்து வளைந்து நாலைந்து மணி நேரம் போக வேண்டும். விமானம் என்னவோ இருபது நிமிடம்தான். இப்படி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல், வண்டியில் வாந்தியும் எடுத்துவிட்டு இறங்குகிறவர் ஏழரைக்கே இறங்கினாலும் பாக்டிங்கைத் தாண்டக் கூடாது. முந்தைய நாள் மாலையே மந்தலி போய்ப் படுத்துக்கொண்டால் மொஞ்சோ மறுபடி சாத்தியமாகும்.

விமானம் ஏறாமல் சல்லேரி என்ற ஊர்ப் பக்கம் வரை ஜீப்பில் வந்து நடந்து ஏறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அவர்கள் லுக்லாவைத் தொடாமல் சுர்கே வழியாக வந்து செப்லுங்கில் இந்தப் பாதையில் சேர்கிறார்கள். உடம்பு உயரத்துக்குக் கொஞ்சம் பழகியிருக்கும், கால்தான் ஓய்ந்திருக்கும்.

பையை நாமே சுமப்பதா, போர்ட்டரா?

லுக்லா விமானத்தில் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான் என்பதால் முதல் வடிகட்டல் அங்கேயே நடந்துவிடுகிறது. லாட்ஜில் படுக்கையும் சாப்பாடும் கிடைக்கும் பாதையில் கூடாரம், அடுப்பு தேவையில்லை. ஸ்லீப்பிங் பேக், டவுன் ஜாக்கெட், மழைச்சட்டை, இரண்டு செட் நடை உடுப்பு, தூங்க ஒரு செட், மருந்து, பவர் பேங்க், தண்ணீர் எல்லாம் சேர்த்து எட்டிலிருந்து பத்து கிலோவுக்குள் அடங்கும். நம் எடையில் ஆறில் ஒரு பங்குக்குள் நின்றால், சொந்த ஊரில் அதே எடையோடு படிக்கட்டு ஏறிப் பழகியிருந்தால், தாராளமாக நாமே சுமக்கலாம். அதற்கு மேல் போனால் போர்ட்டர் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இருவருக்கு ஒருவர் போதும். உங்கள் இருவரில் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் அவரிடம் கொடுக்காதீர்கள். அவருடைய சொந்தச் சாமானும் அதோடு சேரும். அவருக்குக் காப்பீடும், குளிர் உடுப்பும், ஷூவும் இருக்கிறதா என்று லுக்லாவிலேயே பார்த்துவிடுவது நம் பொறுப்பு.

போர்ட்டர் நம்மைவிட வேகமாகப் போய்விடுவார். மழைச்சட்டை, ஒரு கதகதப்பான மேல்சட்டை, ஹெட்லாம்ப், பணம், பாஸ்போர்ட், மருந்து, இரண்டு லிட்டர் தண்ணீர் ஆகியவை நம் முதுகிலேயே இருக்க வேண்டும்.

நாமே சுமப்பதானால் பையைக் கட்டும் வரிசை முக்கியம். தோள்பட்டையை முதலில் இறுக்குகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் மொத்த எடையும் கழுத்தில் தொங்கும். எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டி, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்துப் பூட்டுங்கள். அதற்குப் பிறகுதான் தோள்பட்டை, கடைசியில் மார்புப் பட்டை. கனமான சாமான் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கட்டும்.

முதல் மூன்று மணி நேரம்

லுக்லா கடைத்தெரு முடியும் இடத்தில் பாசாங் லாமு ஷெர்பாவின் நினைவு வளைவு நிற்கிறது. 1993இல் எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண்மணி, இறங்கும்போது உயிரிழந்தவர். வளைவைத் தாண்டியதும் கல் படிகளில் இறக்கம். இறக்கம்தானே என்று குதித்துக் குதித்துப் போனால் முழங்காலும் பெருவிரல் நகமும் அன்றைக்கே போய்விடும். இறங்கும்போது கால் ஷூவுக்குள் முன்னால் வழுக்கி, விரல் முனை இடித்து, நகம் கறுத்துவிடும். கிளம்புவதற்கு முந்தைய நாளே நகத்தை வெட்டிவிடுங்கள். ஷூவைப் போட்டுக் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளி, கணுக்கால் வளைவில் லேஸை ஒரு சுற்று கூடுதலாக முறுக்கி இறுக்குங்கள். கோல் இருந்தால் இறக்கத்துக்கு அதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம்.

எதிரே கழுத்துமணிச் சத்தம் கேட்டால் கோவேறு கழுதைகளோ ஜோப்கியோ மாடுகளோ வருகின்றன என்று அர்த்தம். உடனே மலைச்சரிவுப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால், அவற்றின் முதுகில் இருக்கும் எரிவாயு உருளை இடித்தாலே போதும், கீழே தள்ளிவிடும். அவை தொங்குபாலத்தில் ஏறிவிட்டால் கரையிலேயே காத்திருக்க வேண்டும். வழியில் வரும், பௌத்த மந்திரம் செதுக்கிய மணிக்கல் சுவர்களை வலது கைப்பக்கம் இருக்கும்படி சுற்றிப் போவது அந்த ஊர் வழக்கம்.

தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரம் பொறுத்துக் குடிக்க வேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தால் இன்னும் கூடுதல் நேரம்.

லாட்ஜ் சேர்ந்ததும் முதல் வேலையாக வியர்த்த பனியனை மாற்றுங்கள். ஈரத்தோடு உட்கார்ந்தால் அரை மணியில் நடுக்கம் பிடித்துக்கொள்ளும். ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரமே சொல்லிவிட வேண்டும், சமையலறையில் ஒரே அடுப்பில்தான் எல்லாருக்கும் ஆகும். தங்கும் லாட்ஜிலேயே சாப்பிடுவதுதான் முறை. அறை வாடகை குறைவாக இருப்பதே அதனால்தான். தால்பாத் சொன்னால் சோறும் பருப்பும் காயும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். இறைச்சி வேண்டாம். பூங்காவுக்குள் உயிரைக் கொல்வதில்லை. கீழேயிருந்து குளிர்பெட்டி இல்லாமல் சுமந்து வந்த கறிதான் கிடைக்கும். மதுவும் வேண்டாம்.

படுக்கும்முன் பவர் பேங்கையும் போனையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். பாக்டிங்கில் படுத்தவர்கள் ஏழு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். மொஞ்சோவில் படுத்தவர்கள் பூங்கா அலுவலகம் திறக்கும்வரை நிதானமாக இன்னொரு டீ குடிக்கலாம்.