டே ஆர்டர் கல்லூரிக்கு எது: கூகுள் காலண்டரா, மை ஸ்டடி லைஃபா?

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புகள் கிழமைப்படி நடப்பதில்லை. ஆறு நாள் டே ஆர்டர்படி, அதாவது முதல் நாள் முதல் ஆறாம் நாள் வரை எண்ணிட்டுச் சுழலும் வரிசைப்படி, நடக்கின்றன. நடுவில் ஒரு விடுமுறை வந்தால் வரிசை தள்ளிப்போகும். கூகுள் காலண்டர் திணறுவது இங்கேதான். 'ஒவ்வொரு திங்களும்' என்று அதில் பதியலாம். 'ஒவ்வொரு மூன்றாம் டே ஆர்டரும்' என்று பதிய வழியில்லை. மாணவர்களுக்கான அட்டவணைச் செயலியான மை ஸ்டடி லைஃபில் இப்படிச் சுழலும் அட்டவணை போடலாம். வகுப்பு, அசைன்மென்ட், தேர்வு எல்லாம் அதில் தனித்தனியாக நிற்கும். ஆனால் முதலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிய வேண்டும். அந்தப் பொறுமை செமஸ்டர் தொடக்கத்தில் மட்டும்தான் இருக்கும்!

சரி, காலண்டர் வேண்டாமா? கூகுள் கிளாஸ்ரூமில் ஆசிரியர் தரும் வேலையின் கடைசித் தேதி தானாகவே கூகுள் காலண்டரில் வந்துவிடும். பள்ளி மாணவருக்கு அதுவே போதும். டே ஆர்டர் என்றால் என் ஓட்டு மை ஸ்டடி லைஃபுக்கு.